காக்கிச் சட்டைக் கேப்டன்

நான் முதன்முதலில் ஓட்டிய பெரிய விமானம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளாலும் ஒரு சுவராலும் ஆனது. சுவர், பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவர். பயிற்சி நிலையத்தில் கொடுத்த பெரிய காகிதப் படத்தை அதில் ஒட்டியிருந்தோம். காக்பிட்டில் உள்ள திரைகளும் பொத்தான்களும் நிஜ அளவில் அதில் அச்சாகியிருந்தன. துணை விமானி வலப்பக்கம் உட்கார வேண்டும் என்பதால் வலது நாற்காலி எனக்கு. இடது நாற்காலி கேப்டனுக்கு. கேப்டன் என் அண்ணன். அல்சூர் மார்க்கெட் பக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். மதியம் சாப்பிட வருவான், கை கழுவியதும் காக்கிச் சட்டையோடு வந்து கேப்டன் இடத்தில் உட்கார்ந்துவிடுவான்.

இது எங்கள் வீட்டுக் கூத்து மட்டும் என்று நினைக்க வேண்டாம். விமானம் பழகுகிறவர்கள் எல்லோரும் இப்படி நாற்காலி போட்டு ஓட்டுவார்கள். எந்த நேரத்தில் கை எங்கே போக வேண்டும், வாய் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்பது யோசிக்காமல் வர வேண்டும். மற்றவர்கள் பயிற்சி நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கி, ஒருவரோடு ஒருவர் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். நான் வீட்டிலிருந்து போய் வந்ததால் எனக்கு வாய்த்தவன் அண்ணன்.

அவன் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் ஏறும் முன் செருப்பைக் கழற்றி வாசலில் விடுவான். பெல்ட் போடுவது போல இடுப்பில் கை வைத்து இழுத்துக்கொள்வான். நான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலச் சொற்களை உரக்கச் சொல்வான். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் அண்ணியைப் பிடித்து, நீங்கள் புத்தர் படத்துக்குப் பூ வைக்கிறவர்கள்தானே, மத்தியான வேளையில் இதென்ன புது மந்திரம் என்று கேட்டாராம். அண்ணி என்ன பதில் சொன்னாரோ தெரியாது. அன்றிலிருந்து நாங்கள் உட்காரும்போதெல்லாம் அந்த அம்மா வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

நகரத்துக்குள் பழைய விமான நிலையம் இருந்த கடைசிக் காலம் அது. எங்கள் தெருவுக்கு மேலே விமானங்கள் போய்க்கொண்டேயிருக்கும். அதில் ஒன்றில் நான் உட்காருவேன் என்று சின்ன வயதில் சொன்னபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. படிப்பு முடிந்து, அரசு உதவித்தொகையில் ஜக்கூரில் சின்ன விமானம் பழக இடம் கிடைத்ததும், தினமும் விடிவதற்குள் என்னை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டான். என்னால் முடியுமா என்று நான் கேட்ட நாட்களில் எல்லாம் அவனிடம் ஒரே பதில்தான். முடியும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் முடியும்.

சின்ன விமானம் முடிந்து, பெரிய விமானத்துக்கான பயிற்சியின் கடைசித் தேர்வுக்கு நான் வந்து சேர்ந்திருந்தேன். அதில் ஒருமுறை தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். தேர்வின் கடினமான பகுதி, மலைகள் சூழ்ந்த ஓர் ஊரில், தாழ்ந்த மேகத்துக்குள், கருவிகளை மட்டும் நம்பி விமானத்தை இறக்குவது.

அது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. தரையிலிருந்து வரும் ஒரு சமிக்ஞை, விமானம் சரியான பாதையில் சரிவாக இறங்குகிறதா என்று திரையில் காட்டும். வெளியே வெறும் வெள்ளை. பக்கத்தில் மலை இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. திரையைப் பார்த்தபடியே இறங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு குறிப்பிட்ட உயரம் வந்ததும் பக்கத்தில் இருப்பவர் குரல் கொடுப்பார். அப்போது தலையை நிமிர்த்தி வெளியே பார்க்க வேண்டும். ஓடுதளத்து விளக்குகள் தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் ‘கோ அரவுண்ட்’ என்று சொல்லி, அந்த நொடியே முழு வேகம் கொடுத்து மேலே போய்விட வேண்டும். இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போமே என்ற பேச்சே கிடையாது.

வீட்டில் தலையை நிமிர்த்தினால் சுவர்தானே தெரியும்? அதனால் விளக்கு தெரிகிறதா இல்லையா என்று சொல்லும் பொறுப்பை அண்ணனிடம் கொடுத்திருந்தேன். சில தடவை தெரிகிறது என்று சொல்ல வேண்டும், சில தடவை தெரியவில்லை என்று சொல்ல வேண்டும், உன் இஷ்டம் என்று சொல்லியிருந்தேன். அவன் இஷ்டம் எப்போதும் ஒன்றாகவே இருந்தது.

"தெரியுது பாப்பா. சும்மா ஜம்முனு எரியுது. எறக்கு."

நான் இறக்குவேன். அவன் கையைத் தட்டுவான். அண்ணி டீ கொண்டுவருவார். மழைக்காலம், பனிக்காலம், இமயமலை, எதைச் சொல்லிக்கொண்டு இறங்கினாலும் எங்கள் முன்னறையில் விளக்கு எரியாத நாளே கிடையாது. எனக்கும் அது உறைக்கவில்லை. பத்திரமாக இறங்கிய திருப்தியில் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அண்ணனின் தொழில் புத்தி அது. ஏறிய சவாரியை இடம் சேர்க்காமல் திரும்பினான் என்று அவனைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அரைகுறை முகவரியோடு ஏறிய ஒரு பெரியவரை பிரேசர் டவுனில் சந்து சந்தாகக் கூட்டிக்கொண்டு சுற்றி, உருதுவில் பாதி, கன்னடத்தில் பாதி விசாரித்து, கடைசியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி ஒப்படைத்துவிட்டு வந்தவன். ஆட்டோ ஸ்டாண்டில் அதற்காகவே அவனுக்கு ஒரு மரியாதை உண்டு. விலாசம் தெரியவில்லை என்று பாதியில் இறக்கிவிடுகிற ஆட்டோக்காரர்களைப் பற்றி அவன் பேசும்போது அண்ணி காதைப் பொத்திக்கொள்வார்.

தேர்வு நாள் வந்தது. சிமுலேட்டர் என்பது கால் முளைத்த ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் நிஜ விமானம்தான். சாயும், குலுங்கும். தேர்வாளர் தலை நரைத்த மூத்த கேப்டன், மைசூர்க்காரர். அதிர்ந்து பேசாதவர். எனக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே மலைகளை வைத்தார், பிறகு மேகத்தை இறக்கினார். மலைகள் மறைந்துபோயின.

எல்லாம் அழகாகத்தான் போனது. திரையில் கோடு கோட்டின்மேல் நின்றது. குறிப்பிட்ட உயரம் வந்ததும் இடது இருக்கையில் கேப்டனாக உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் குரல் கொடுத்தார். தலையை நிமிர்த்தினேன். எதிரே சாம்பல் நிறத்தில் ஒன்றுமே இல்லை. அச்சு அசலாக எங்கள் வீட்டுச் சுவர்.

நான் காத்திருந்தேன்.

எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. கை அசையவில்லை. விமானம் இறங்கிக்கொண்டேயிருந்தது. பிறகு இயந்திரம் கத்தத் தொடங்கியது. மேலே இழு, மேலே இழு என்று அது ஆங்கிலத்தில் அலறும்போது கையை நகர்த்தினேன். அதற்குள் மேகம் கிழிந்து, கண்ணாடி முழுக்க ஒரு பச்சை மலை வந்து நின்றது. தேர்வாளர் எல்லாவற்றையும் அப்படியே உறைய வைத்துவிட்டார். மரங்கள் கூடத் தெரிந்தன.

அவர் திட்டியிருந்தால் தேவலை. கன்னடத்தில், மெதுவாக, யாருக்காகக் காத்துக்கொண்டிருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. யாருக்காக என்று அந்த நொடிதான் புரிந்தது. பக்கத்தில் ‘தெரியுது’ சொல்லும் அண்ணனுக்காக. தலையைக் குனிந்துகொண்டேன். திங்கட்கிழமை மறுபடி வாருங்கள், அதுதான் கடைசி வாய்ப்பு என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். நன்றாகவே அழுதேன். அண்ணனுக்கு வந்ததோ கோபம். அந்தக் கோபம் முழுக்க மலையின் மேல். மலை இருக்கிற இடத்தில் எவன் விமான நிலையம் கட்டினான், சமதரையாக ஓர் இடம் அவனுக்குக் கிடைக்கவில்லையா என்று கேட்டுக்கொண்டு முன்னறைக்கும் வாசலுக்குமாக நடந்தான். அழுகையை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அண்ணா, நாளை மறுநாள் வரைக்கும் நீ எனக்குத் தெரியவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் மேலே போய்ப் பழக வேண்டும்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் இறங்கி வந்தேன். குரல் கொடுத்தான். நிமிர்ந்தேன். அவன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு, லேசாக ஏதோ தெரிகிற மாதிரி இருக்கிறது என்றான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. படித்துப் படித்துச் சொன்னேனே, உனக்கு என்ன கேடு என்று கத்தினேன். மேலே போவது தோற்றுப்போவது இல்லை, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வரலாம், இல்லாவிட்டால் வேறு ஊரில் இறங்கலாம், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் முழுசாக இருப்பார்கள் என்று விளக்கினேன். அவனுக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொண்டேதான் அடம் பிடித்தான்.

"எல்லாஞ் சரி பாப்பா. இத்தன வருஷமா உன்ன பாத்து முடியாதுன்னு நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. இப்போ என் வாயால தெரியல, போயிடுன்னு சொல்லச் சொல்றியே. வரமாட்டேங்குது."

இந்த உலகத்தில் எனக்காக ஒருவன் இவ்வளவு பிடிவாதமாக விளக்கு எரிய வைத்துக்கொண்டிருந்தான், அதனாலேயே நான் மலையில் போய் முட்டினேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணனே ஒரு யோசனை சொன்னான். மேகத்தை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை, அதனால்தான் பயந்துவிட்டேன், நாளை ஞாயிறுதானே, காலையில் நந்தி மலைக்குப் போய் மேகம் என்றால் என்ன என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றான். நான் பயப்படவில்லை என்று சொல்லிப் பயனில்லை. நகரத்தை விட்டு அவ்வளவு தூரம் போக அவன் ஆட்டோவுக்கு அனுமதியும் இல்லை. போலீஸ்காரர் கேட்டால் குலதெய்வம் கும்பிடப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாமாம். எங்களுக்கு எங்கே நந்தி மலையில் குலதெய்வம் என்று அண்ணி கேட்டார். இன்றுமுதல் என்றான்.

விடிந்ததும் கிளம்பினோம். அண்ணியும் நானும் பின்னால் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். தேவனஹள்ளிப் பக்கம் புது விமான நிலையத்துக்காக மண்ணைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சாலையெல்லாம் செம்மண். அண்ணன் வண்டியை நிறுத்தி அந்தக் குவியல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இங்கே மலை எதுவும் குறுக்கே இல்லை, கட்டுகிறவன் யோசித்துத்தான் கட்டுகிறான் என்று பாராட்டினான்.

மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் ஆட்டோ முக்கியது, முனகியது. பாதி வழி வரை மரங்கள் தெரிந்தன. அடுத்த வளைவில் மேகம் ஆட்டோவுக்குள்ளேயே வந்துவிட்டது. கண்ணாடி வெளுத்துப்போனது. அண்ணி நிறுத்தச் சொன்னார். அண்ணன் ஹாரனை அடித்துக்கொண்டே, தெரியுது, தெரியுது, லெப்ட்ல சுவரு இருக்கு என்று சொல்லியபடி உருட்டிக்கொண்டு போனான். எனக்கு இடப்பக்கம் எந்தச் சுவரும் தெரியவில்லை. அவன் கழுத்து முன்னால் நீண்டுகொண்டே போனது மட்டும்தான் தெரிந்தது.

திடீரென்று முன்சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியது. பிரேக்கை மிதித்தான். ஆட்டோ நின்றது. முன்னால் பள்ளமா, பாறையா, வெறும் புல்லா, ஒன்றும் தெரியவில்லை. இன்ஜின் மட்டும் தடதடத்தது. அவன் பின்னால் திரும்பி முதலில் அண்ணியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் அவன் சவாரி என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்த மாதிரி இருந்தது.

"தெரியல பாப்பா," என்றான். "நெஜமா ஒண்ணும் தெரியல."

என் வாய் யோசிக்கவில்லை. ‘கோ அரவுண்ட்’ என்றேன். கேப்டனுக்கு உரிய மரியாதையோடுதான் சொன்னேன்.

அண்ணி இறங்கி, சால்வையை அசைத்துக்கொண்டு முன்னால் நடக்க, அண்ணன் வண்டியை அங்குலம் அங்குலமாகத் திருப்பினான். சவாரியோடு அவன் பாதியில் திரும்பியது அதுதான் முதல் தடவை. அடிவாரம் வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ வந்த பிறகு அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. அண்ணன் மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் தெரியவில்லை என்று நான் சொல்கிறேன், ஆனால் சொன்னதும் டக்கென்று தூக்க வேண்டும், ஒரு நொடி கூட நீ யோசிக்கக் கூடாது என்றான். அந்தக் கடை பெஞ்சிலேயே பழக ஆரம்பித்துவிட்டோம்.

அன்று பிற்பகல் முழுக்க நாற்காலிகளில்தான் இருந்தோம். அண்ணன் எதையுமே அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. தெரியல, தெரியல, தெரியல என்று சொல்லிக்கொண்டே போனான். போகப் போக அவனுக்கு அதில் ருசியே வந்துவிட்டது. நான் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அண்ணா, ஒரு தடவையாவது இறங்க விடு, சாப்பிட வேண்டும் என்று கெஞ்சிய பிறகுதான் போனால் போகிறது என்று விளக்கைப் போட்டான்.

திங்கட்கிழமை அதே மலை, அதே மேகம், அதே சாம்பல் நிறம். குரல் கேட்டது, நிமிர்ந்தேன், ‘கோ அரவுண்ட்’ என்று என் வாய் சொல்லும்போதே கை வேகக் கைப்பிடியை முன்னால் தள்ளிவிட்டது. விமானத்தின் மூக்கு உயர்ந்தது. மலை எங்கேயோ கீழே, கண்ணில் படாமலேயே கடந்துபோனது. தேர்வாளர் இரண்டு தடவை மேலே அனுப்பினார், மூன்றாவது தடவை விளக்கைக் காட்டினார். இறக்கினேன். வெளியே வந்ததும், இன்று நீங்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை என்று சொல்லிக் கை கொடுத்தார். அன்று சாயங்காலம் ஸ்டாண்ட் முழுக்க மைசூர்பாகு. என் தங்கச்சி இறக்காமல் திரும்பியதற்கே பாஸ் போட்டுவிட்டார்கள் என்று அண்ணன் எல்லோரிடமும் சொன்னான். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, மைசூர்பாகு நன்றாக இருந்தது என்றார்கள்.

நான் வேலையில் சேர்ந்த பிறகு வந்த மழைக்காலத்தில் அண்ணன் முதல் தடவையாக விமானம் ஏறினான். மங்களூருக்கு. அங்கே ஓடுதளம் மலை உச்சியில் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிக் கடல். அவன் கடலைப் பார்த்ததில்லை. நான் போகும் விமானத்திலேயே டிக்கெட் எடுத்து, ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, இறங்கும்போது கடல் தெரியும் என்று சொல்லியிருந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். யாரோ மாதிரி இருந்தான்.

மழைக்காலத்தில் அந்த மாதிரி இடங்களில் கேப்டன்தான் இறக்குவார். வெளியே பார்த்துச் சொல்வது என் வேலை. வீட்டில் அண்ணன் செய்த அதே வேலை. மேகத்துக்குள் இறங்கினோம். மழை கண்ணாடியில் அறைந்தது. உயரம் குறைந்துகொண்டே வந்தது. பின்னால் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு அவன் கடலைத் தேடிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். தெரிகிறது என்று சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த ஆசை எப்படிப்பட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதைச் சொன்னேன். கேப்டன் மேலே ஏற்றினார். ஒரு சுற்று சுற்றி வந்தோம். மறுபடி பார்த்தேன், மறுபடி அதையே சொன்னேன். பெங்களூருக்கே திரும்பினோம்.

இங்கே வந்து நின்றதும், எரிபொருள் போட்டுக்கொண்டு வானிலை தெளிந்தால் மறுபடி போவோம், விருப்பமில்லாதவர்கள் இறங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். என்ன கம்பெனி நடத்துகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே ஒருவர் இறங்கினார். காக்பிட் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அண்ணன் பெல்ட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய், பயந்துவிட்டாயா, வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டேன்.

"ஏத்துன எடத்துக்கே கூட்டிட்டு வந்துட்ட," என்றான். முகத்தில் ஒரு சிரிப்பு. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான். "நான் போவல பாப்பா. நீ எப்போ தெரியுதுன்னு சொல்றியோ, அப்போ எறங்கிக்கிறேன்."